ஃப்ரேஹாவின் ஜாடி

என் ரொட்டியைக் கழுதைக் குளம்பில் லாடமாக அடிக்கலாம் என்று ஃப்ரேஹா சொல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. சொல்லிவிட்டு அவள் சுட்ட ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் திணிப்பாள். எனக்கு வயிறெரியும், ஆனாலும் தின்பேன். ஏனென்றால் அது நன்றாக இருக்கும்.

மெக்னெஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இரண்டே வீடுகள். இடது கதவு எங்களுடையது. வலது கதவில் இருபது வருடம் ஃப்ரேஹாவும் அவள் புருஷன் மக்லூஃபும் மகள் ஜாக்லினும் இருந்தார்கள். மக்லூஃப் தையல்காரர். என் புருஷன் அல்லால் ரயில்வேயில் வேலை. நாங்கள் முஸ்லிம்கள், அவர்கள் யூதர்கள். இந்த வித்தியாசம் வருடத்தில் எட்டு நாள் மட்டும் ஒரு கண்ணாடி ஜாடியின் உருவத்தில் என் ஃபிரிட்ஜில் வந்து உட்காரும்.

அந்த ஜாடியில் இருந்தது புளித்த மாவு. ஃப்ரேஹாவின் அம்மா செஃப்ரூவில் வெள்ளத்தில் போனவள். வீடும் கூடவே போனது, ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. கல்யாணமாகி மெக்னெஸ் வரும்போது அம்மா ஒரு துணியில் முடிந்து, சிவப்புக் கம்பளி நூலால் கட்டிக் கொடுத்த புளித்த மாவு மட்டும்தான் மிச்சம். அதற்குத் தீனி போட்டுப் போட்டு ஃப்ரேஹா வளர்த்தாள். துணி நைந்து போனது. நூலை மட்டும் ஜாடியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பாள். மேலே நிற்கிற சாம்பல் நிறத் தண்ணீரை வடிப்பாள். பாதியை ரொட்டிக்கு எடுத்துக்கொண்டு, மீதியில் புது மாவும் தண்ணீரும் சேர்த்துக் கலக்கி, “சாப்பிடும்மா” என்பாள். நிஜமாகவே சொல்வாள், வாய்விட்டு. அது குமிழ் விட்டு எழும்பிச் சிவப்பு நூலைத் தாண்டியதும் மறுபடி உள்ளே வைப்பாள். அம்மாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தது போல அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

பஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் அவர்கள் வீட்டில் புளித்தது எதுவும் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு, ஒரு துணுக்கு கூடாது. அலமாரி மூலையை எல்லாம் இறகால் துடைப்பாள். ஜாடியை என்ன செய்வது? எனக்கு விற்றுவிடுவாள். விளையாட்டுக்கு இல்லை. நான் ஒரு நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.

“எட்டு நாளைக்கு இது உன்னுது,” என்பாள். “திருப்பித் தரமாட்டேன்னு நீ சொன்னா நான் வாயைத் திறக்க முடியாது.”

“அப்ப தரமாட்டேன் போ.”

“வச்சுக்கடி. அப்பவாவது உன் புருஷனுக்குக் கடிக்கற மாதிரி ஒரு ரொட்டி கிடைக்கும்.”

திருப்பிக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு புளித்த மாவு எங்கள் வீட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டின் வளமும் பரக்கத்தும் கூடவே படியிறங்கிவிடும் என்று என் மாமியார் பல்லைக் கடித்துச் சொல்லி வைத்திருந்தார். அவர்களுக்கோ எட்டாம் நாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிவதற்கு முன் அது வீட்டுக்குள் வரக் கூடாது. எங்களுக்கு அந்தி, அவர்களுக்கு நட்சத்திரம். அதனால் நான் பாங்குக்கு முன்பே ஜாடியைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் வைத்துவிடுவேன். அந்த நாலடித் தரை யார் வீடும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் இருப்போம். நட்சத்திரம் வந்ததும் அவள் ஜாடியை எடுத்துக்கொள்வாள். நான் கொண்டுபோகிற வெண்ணெயும் தேனும் பாலும் அவர்கள் மேசைக்குப் போகும். மிமூனா என்று அன்றைக்குக் கதவைத் திறந்து போட்டு விருந்து வைப்பார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எழுபத்திரண்டாம் வருடம் எங்கள் வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்தது. அதை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தேன். அதுவரை பஸ்காவுக்கு ஃப்ரேஹாவின் மாவை மண்சட்டியில் ஈரத்துணி போட்டு எப்படியோ காப்பாற்றிக் கொண்டிருந்தேன். அந்த வருடம் ஜாடியை நீட்டும்போது அவள் சொன்னாள்: “உனக்கும் பெட்டி வந்தாச்சு. இனி எனக்குக் கவலை இல்ல. நடுவுல ஒரு நாள் வெளிய எடுத்துத் தீனி போடு. மூடியை மட்டும் இறுக்காதே, லேசா வை. அது மூச்சு விடணும்.”

ஐந்தாம் நாள் எடுத்தேன். தீனி போட்டேன். கொஞ்சம் தாராளமாகவே போட்டேன், என் வீட்டில் அது இளைத்துவிட்டது என்று அவள் சொல்லிவிடக் கூடாதே. அன்றைக்கு என் நாத்தனார் வீட்டில் பையனுக்கு சுன்னத்து விருந்து. சமையலறையில் எறும்பு. எறும்பு விழுந்துவிடுமே என்று மூடியை நன்றாக, என் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் புளித்த வாடை. ஜாடி வெடித்து, மாவு சுவரெல்லாம் குழந்தை கக்கி வைத்தது போல வழிந்துகொண்டிருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு சுவரில் வழித்தேன். ஒவ்வொரு கரண்டியிலும் கண்ணாடித் தூள் மின்னியது. நகத்தால் பொறுக்கினேன், விரலில் ரத்தம் வந்தது. ஒரு நெல்லிக்காய் அளவு கிடைத்தால் போதும், பிழைக்க வைத்துவிடலாம். கிடைக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு சொட்டு இருந்தால் போதுமே என்று நினைத்தேன். இல்லாமல் இருப்பதுதானே அந்தப் பண்டிகையே.

எல்லாவற்றையும் முறத்தில் கூட்டி அள்ளினேன். நூலை மட்டும் எடுத்துக் கழுவினேன்.

அல்லால் வந்து பார்த்தார். “போய்ச் சொல்லிடு,” என்றார். நான் அழுதேன். அவருக்கு என் அழுகை பிடிக்காது. “சரி, உன் சட்டியில எங்கம்மா குடுத்த புளிச்ச மாவு இருக்கே, அதுவும் மாவுதானே? அதுவும் உப்பும், இதுவும் உப்பும். வாயை மூடிக்கிட்டு ஊத்தி வை.” கடைத்தெருவில் அதே மாதிரி ஜாடி வாங்கி வந்தேன். என் மாவைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி ஊற்றினேன். நூலைச் சுற்றிக் கட்டினேன். எட்டாம் நாள் படியில் உட்கார்ந்து அதை ஃப்ரேஹாவிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை எதிர்க்கதவு திறந்தது. “என்னடி பண்ணின? எங்கம்மா கோவமா இருக்காங்க. புளிப்பு தூக்கலா இருக்கு.” நான் செத்தேன் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம் ரொட்டியைப் பிய்த்து மூக்கருகே வைத்து முகர்ந்தவள், “இப்பத்தான் கோவம் தணிஞ்சுது. இதான்டி எங்கம்மா மணம்,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் எந்த நாளில் சொல்வது? ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் மாவைப் பார்த்து அவள் “சாப்பிடும்மா” என்றாள். ஒவ்வொரு பஸ்காவுக்கும் என் மாவையே எனக்கு விற்றாள். முதல் இரண்டு வருடம் பயம். அப்புறம், மறைப்பானேன், கொஞ்சம் சிரிப்பும் வந்தது. என் ரொட்டியை லாடம் என்பவள் என் மாவைத்தானே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாள்!

அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. ஒரே மாவு, ஒரே கடைக் கோதுமை, தெருமுனையில் எல்லார் ரொட்டியும் வேகிற ஒரே அடுப்பு. அடுப்புக்காரர் எங்கள் ரொட்டிப் பலகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அவளுடையது நிலா போல எழும்பி நிற்கும். என்னுடையது என்னுடையது மாதிரியே இருக்கும். “எதிர்வீட்டம்மாகிட்ட கொஞ்சம் மாவு வாங்கிப் பாருங்களேன்,” என்று ஒரு நாள் அவர் எனக்கு யோசனை சொன்னார். நான் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மாவில் குறை இல்லை, என் கையில்தான் குறை என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். இதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது?

பதினோரு வருடம் இப்படிப் போனது. எண்பத்துமூன்றில் அவர்கள் கனடாவுக்குக் கிளம்பினார்கள். ஜாக்லினுக்கு மான்ட்ரியலில் வேலை கிடைத்திருந்தது. பஸ்கா முடிந்து மூன்றாம் நாள் பயணம். அந்த எட்டு நாளும் நான் அடுப்படியில் நின்று அழுதேன். என்னோடு சண்டை போட இனி யார் இருக்கிறார்கள்? அல்லால் சண்டைக்கு லாயக்கில்லாத மனுஷர். ஃப்ரேஹாவோ தினமும் கதவைத் தட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “ஜாடி நல்லா இருக்கா?”

எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ‘பத்தூல், நீ இல்லாம எப்படி இருக்கப் போறேன்’ என்று ஒரு வார்த்தை. அவள் சொல்கிற ஆள் இல்லை என்று தெரியும். தெரிந்தும் எதிர்பார்த்தேன்.

எட்டாம் நாள் பாங்குக்கு முன்பு ஜாடியைக் கொண்டுவந்து தரையில் வைத்தேன். அவளும் முக்காலியோடு வந்தாள். உள்ளே மக்லூஃப் மேசை விரிப்பு போடுகிற சத்தம். ஜாக்லின் நட்சத்திரம் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள்.

“எல்லாத்தையும் குடுத்தாச்சு,” என்றாள் ஃப்ரேஹா. “அவரு தையல் மிஷினுக்குக்கூட ஆள் வந்து தூக்கிட்டுப் போயிட்டான். நான் எடுத்துட்டுப் போறது இது ஒண்ணுதான். மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“அங்க ரொம்பக் குளிராமே.”

“ஊரே ஃபிரிட்ஜுடி. எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

“உனக்கு ஆகுமே.”

“எனக்கென்ன? நீ அழுது அழுது மூக்கைத் தக்காளியாட்டம் வச்சிருக்க. இதையும் பாத்துட்டுப் போகணுமா நான்?” என்றவள் முக்காலியை ஜாடிக்குப் பக்கமாக இழுத்துப் போட்டாள். பிறகு, “நட்சத்திரம் வரட்டும். இதுல பாதியை உனக்கு ஊத்திக் குடுத்துட்டுப் போறேன்,” என்றாள்.

அது அவள் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை என்று இன்றைக்குப் புரிகிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால் என்ன? அவள் நிறுத்துவாளா?

“உன் சட்டியில வச்சிருக்கியே ஒண்ணு, அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டு. நாத்தம்டி அது. இத்தனை வருஷமா சொல்லணும்னு இருந்தேன், மனசு கஷ்டப்படுவியேன்னு விட்டுட்டேன். உன் புருஷன் சாகறதுக்குள்ள ஒரு நாளாவது ரொட்டி தின்னட்டும்.”

“கொட்டறதுக்கு என்ன இருக்கு?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஜாடியில இருக்கறதே அதுதான்.”

“என்ன உளர்ற?”

“உங்கம்மா மாவு போயி பதினோரு வருஷம் ஆச்சு. ஃபிரிட்ஜ் வாங்கின வருஷம் ஜாடி வெடிச்சிருச்சு. கண்ணாடியோட சேத்து முறத்துல அள்ளிக் கொட்டினேன். நீ தலையில வச்சு ஆடறியே, அது என் மாவு. நாத்தம் பிடிச்ச மாவு. உங்கம்மா மணம்னியே, அது என் மாமியார் மணம்.”

சொல்லி முடித்தபோது எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். பதினோரு வருடம் வாங்கியதற்கெல்லாம் ஒரே அடியில் கொடுத்துவிட்டேன் என்று இருந்தது.

ஃப்ரேஹா கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜாக்லின் பரிசம் போட்டப்ப சுட்டது?”

“என்னுது.”

“எங்கப்பா செத்த ஏழாம் நாள் வச்ச ரொட்டி?”

“அதுவும்தான்.”

“எனக்கு ஆபரேஷன் ஆகி வந்து, எந்திரிக்க முடியாம உக்காந்துக்கிட்டே பிசைஞ்சேனே. பேசிக்கிட்டே பிசைஞ்சேனே.”

இனிப்பு அதற்குள் போய்விட்டது.

“கடைசியா அதுக்குத் தீனி போட்டியா?” என்று கேட்டாள். “பசியோட போச்சா?”

“போட்டேன் ஃப்ரேஹா. நிறையப் போட்டேன். போட்டு மூடியை இறுக்கிட்டேன். அதனாலதான் வெடிச்சுது.”

“லேசா வைன்னு சொன்னேனே.”

“சொன்ன.”

மேலேயிருந்து ஜாக்லின் கூப்பிட்டாள். “அம்மா! மூணு தெரிஞ்சிருச்சு! வந்து எடுத்துக்கோ!”

ஃப்ரேஹா குனிந்தாள். ஜாடியை எடுக்கத்தான் குனிகிறாள் என்று நினைத்தேன். நூலைத் தொட்டு, “இது?” என்றாள்.

“அது பழசுதான். உன்னுதுதான்.”

முடிச்சை அவிழ்க்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. நான் இறுக்கிக் கட்டிய முடிச்சு. நூலை விரலில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். “நான் உனக்கு வித்துட்டேன். உன் பொருளு. நீயே வச்சுக்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வருடத்தில் அந்த ஒரு நாள் திறந்தே கிடக்க வேண்டிய கதவை மூடினாள்.

மூன்றாம் நாள் டாக்ஸி வந்தது. நான் ஜன்னலில் நின்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. பிறகு நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

ஜாடியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பக்கத்தில் என்னுடைய மாவு இன்னொரு ஜாடியில். இரண்டும் ஒன்றுதான், வாசனைகூட ஒன்றுதான். ஒன்றாகக் கலந்துவிட்டால் வேலை மிச்சம். கலக்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை தோறும் இரண்டையும் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியாகத் தீனி போட்டேன். ஒன்றில் மட்டும் சுட்டேன். அல்லால் ஒரு தடவை, “உனக்குப் பைத்தியமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நரைமுடியும் கண்ணாடியுமாக ஒருத்தி. மூக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதே ஃப்ரேஹா மூக்கு.

“பத்தூல் சித்தி!” என்று ஜாக்லின் கட்டிக்கொண்டாள். ஃப்ரேஹா போய் ஒரு வருடம் ஆகிவிட்டதாம். அப்பாவின் ஊர்க் கல்லறைகளைப் பார்க்க வந்தவள், அப்படியே இங்கேயும் வந்திருக்கிறாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். என் ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு மரியாதைக்கு மென்றாள்.

“அங்க போயி அம்மா பாக்கெட் ஈஸ்ட்லதான் சுட்டாங்க,” என்றாள். “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திட்டிக்கிட்டே சுடுவாங்க. இது ரொட்டியில்ல, பஞ்சுன்னு. ‘ஏம்மா, பாட்டி மாவை எடுத்துட்டு வந்திருக்கலாமே’ன்னு கேட்டேன். ‘ஏர்போர்ட்ல பிடுங்கிக் கொட்டிருவாங்க, பத்தூல்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்’னாங்க.”

“வேற என்ன சொன்னா?”

ஜாக்லின் சிரித்தாள். “கோவிச்சுக்காதீங்க. ‘அவளுக்கு ரொட்டி சுட வராது. ஆனா அவகிட்ட ஒண்ணைக் குடுத்தா சாகாது’ன்னாங்க. ஆஸ்பத்திரியில கடைசியாகூட அதைத்தான் சொன்னாங்க. போய் வாங்கிக்கன்னு இதைக் குடுத்தாங்க.”

கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சிவப்புக் கம்பளி நூல்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாகாது என்றாளாம். அவளுக்கா தெரியாது? என்னை மன்னித்துச் சொன்னாளா, மகள் வாயால் என்னைக் குத்தச் சொன்னாளா? சாகும்போதும் அவள் நாக்கு அவளிடம்தான் இருந்திருக்கிறது. நான் கேட்ட ஒரு வார்த்தை கடைசியில் வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஜாக்லினிடம் உண்மையைச் சொல்லலாம். பதினோரு வருடம் பொய் சொன்னேன், ஒரே ஒரு சாயங்காலம் உண்மை சொன்னேன். அந்த இரண்டில் எதற்காக வெட்கப்படுகிறேன் என்று என்னைக் கேட்டால், அந்த உண்மைக்குத்தான்.

ஃபிரிட்ஜைத் திறந்து ஃப்ரேஹாவின் ஜாடியை எடுத்து வந்தேன். சின்ன ஜாடி ஒன்றில் பாதியை ஊற்றினேன். ஜாக்லின் அதை முகத்தருகே வைத்து இழுத்து முகர்ந்தாள்.

“பாட்டி மாவுதானே சித்தி?”

“ஆமா.”

“இதான் சித்தி. எங்கம்மா மணம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. “பாங்குக்கு முன்னாடி கிளம்பு. அப்புறம் இது வாசலைத் தாண்டக் கூடாது,” என்றேன். அவள் நூலை ஜாடியைச் சுற்றிக் கட்டினாள். பையில் வைக்க வேண்டுமே என்று மூடியைப் போட்டு முறுக்கினாள், இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

“இறுக்காதே!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டுப் போனாள்.

“ஏன் சித்தி? வெடிச்சிருமா? எப்பவாவது வெடிச்சிருக்கா?”

“இல்ல,” என்றேன். மூடியைத் தளர்த்தி அவள் கையில் கொடுத்தேன். “லேசா வைக்கணும்னு உங்கம்மா சொல்லிக் குடுத்தா.”